56 வரியில் ஓர் ஆட்டம்: 1956 அக்டோபர் 8 பாக்ஸ் ஸ்கோரைத் திரும்பக் கட்டுவது

எடுத்துக்கொண்ட ஆட்டம்: அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1956இன் 5ஆவது ஆட்டம். நியூயார்க் யாங்கீஸ், புரூக்ளின் டாட்ஜர்ஸ். இடம் யாங்கீ ஸ்டேடியம், கிழமை திங்கள். யாங்கீஸ் பிட்சர் (பந்து வீசுபவர்) டான் லார்சன் 27 பேட்டர்களையும் ஒருவர்கூட பேஸை எட்டாமல் திருப்பி அனுப்பிய ஆட்டம். யாங்கீஸ் 2, டாட்ஜர்ஸ் 0. பார்வையாளர்கள் 64,519. ஆட்ட நேரம் 2 மணி 6 நிமிடம்.

வேலை இதுதான். அச்சான பாக்ஸ் ஸ்கோரிலிருந்தும் (நாளிதழில் வரும் ஆள்வாரி எண் அட்டவணை) இன்னிங்ஸ் வாரியான விவரத்திலிருந்தும், ஒரு பேட்டருக்கு ஒரு வரி என்று ஆட்டம் முழுவதையும் விரிதாளில் ஏற்ற வேண்டும். பிறகு அந்த வரிகளை மட்டும் வைத்துக் கூட்டி, அச்சில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஆட்டங்களைப் பதிவேற்றப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சித் துண்டு கிடைக்காது. ஒரு பக்கம், அதாவது புரூக்ளின் பக்கம், பேஸ்பாலில் சாத்தியமான மிக எளிய கணக்கு. மறுபக்கம் 29 வரிதான், ஆனால் தப்பு நுழையக்கூடிய வாசல்கள் பாதிக்கு மேல் அதில் இருக்கின்றன.

கிரிக்கெட் ஸ்கோர் எழுதிய கைக்கு இது அந்நியமாக இருக்காது. பாக்ஸ் ஸ்கோரை வளர்த்தெடுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தி எழுதிவிட்டு பேஸ்பாலுக்கு வந்தவர். பேட்டிங் மொத்தமும் பவுலிங் மொத்தமும் இடிக்கக் கூடாது என்று ஸ்கோரர் ஓவருக்கு ஓவர் சரிபார்ப்பாரே, அதே புத்தி இங்கேயும் உண்டு. மூன்று ஸ்டிரைக்கில் பேட்டர் அவுட் ஆகும் ஸ்டிரைக் அவுட்டுக்கு ‘கே’ என்று போடும் வழக்கமும் சாட்விக் விட்டுப்போனது. ‘ஸ்ட்ரக்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தை எடுத்துக்கொண்டார்.

தேவையானவை

ஒரு ஏ3 தாள், ஹெச்பி பென்சில், அழிப்பான், ஒரு விரிதாள் மென்பொருள். தாளில் ஒரு அணிக்கு 9 வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் மாற்று ஆட்டக்காரருக்கு ஓர் உள்வரி, குறுக்கே 9 இன்னிங்ஸ். நேரடியாகக் கணினியில் தட்டலாமே என்றால், தட்டலாம். ஆனால் வரிசை தாண்டிப்போனது தாளில் பளிச்சென்று தெரியும், விரிதாளில் தெரியாது.

ஃபீல்டர் எண்கள் மாறாதவை: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர்) 6, இடது வெளி 7, நடு வெளி 8, வலது வெளி 9. ஷார்ட்ஸ்டாப் 5 அல்ல, 6. புதியவர் கை எப்போதும் இங்கேதான் வழுக்கும்.

விரிதாள் பத்திகள்: வரி எண், இன்னிங்ஸ், அணி, பேட்டிங் வரிசை எண், பேட்டர் எண், பிட்சர் எண், நிகழ்வு, ஃபீல்டர் சங்கிலி, அந்த வரியில் விழுந்த அவுட், வந்த ரன், முடிந்தபின் பேஸில் யார், பந்து எண்ணிக்கை, ஆதாரம். நிகழ்வுக்குச் சுருக்கமாக ஒரு குறி போதும். கே, ஹி1, ஹோ, வா, தி, அ. அதாவது ஸ்டிரைக் அவுட், ஒற்றை ஹிட் (அடித்து முதல் பேஸ் சேர்வது), ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருவது), வாக் (நான்கு பால், அதாவது அடிக்க முடியாத இடத்தில் போன பந்து, வாங்கி முதல் பேஸுக்குப் போவது), தியாக பன்ட் (தான் அவுட் ஆகி ரன்னரை முன்னே நகர்த்தும் மெல்லிய தட்டு), சாதாரண அவுட். இந்த ஆட்டத்துக்கு இவ்வளவுதான் வேண்டும். இரட்டை, மும்மை (இரண்டு, மூன்று பேஸ் ஹிட்), எர்ரர் (ஃபீல்டரின் பிழை), பந்து உடலில் பட்டது எதுவும் நடக்கவில்லை.

எண்களைத் தட்டும் முன் செய்ய வேண்டியது

ஃபீல்டர் சங்கிலிப் பத்தியை முதலில் ‘உரை’ வடிவத்துக்கு மாற்றுங்கள். மறந்தால் 4-3 என்று தட்டியதும் மென்பொருள் அதைத் தேதியாக்கிவிடும். 5-6-3 என்றால் 2003ஆம் ஆண்டில் ஏதோ ஒரு நாள். பிறகு உரைக்கு மாற்றினாலும் பழைய எண் திரும்பாது, ஐந்திலக்கத் தேதிக் குறியீடு ஒன்று உட்கார்ந்திருக்கும். இன்னிங்ஸ் வாரி ரன் வரிக்கும் இதே கதிதான். 000101 என்று தட்டினால் 101 மட்டும் மிஞ்சும்.

பெயரை வைத்து எண்ணாதீர்கள், ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள். இந்த ஆட்டத்தில் கில் ஹாட்ஜஸ் புரூக்ளினில், கில் மெக்டூகல்ட் நியூயார்க்கில், ஜிம் கில்லியம் மறுபடி புரூக்ளினில். ‘கில்’ என்று தேடும் ஃபார்முலா மூவரையும் அள்ளிக்கொண்டு வரும். தமிழில் தட்டினால் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத சிக்கல் உண்டு. அமோரோஸ் பெயரில் இரண்டு ஓகாரம். சில தட்டச்சு முறைகள் ஓகாரத்தை ஒரே குறியாகப் போடும், சில ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், மென்பொருளுக்கு அவை வேறு வேறு ஆட்களாகப் படலாம். அமோரோஸுக்கு 3 வர வேண்டிய இடத்தில் 1 வந்தால் ஆட்டத்தைச் சந்தேகிக்காதீர்கள், விசைப்பலகையைச் சந்தேகியுங்கள்.

அச்சில் இருப்பது

அன்றைய நாளிதழ் பாக்ஸ் ஸ்கோரில் பொதுவாக ஐந்து பத்திகள்: அட்பேட் (வாக், தியாக பன்ட் போன்றவை போக மீதி பேட்டிங் முறைகள்), ரன், ஹிட், புட்அவுட் (அவுட்டை முடித்தது), அசிஸ்ட் (அவுட்டுக்கு உதவியது). யாங்கீஸ் பக்கம் அந்த வரிசையில்:

பாவர் (9): 4, 0, 1, 4, 0
காலின்ஸ் (3): 4, 0, 1, 7, 0
மேன்டில் (8): 3, 1, 1, 4, 0
பெரா (2): 3, 0, 0, 7, 0
ஸ்லாட்டர் (7): 2, 0, 0, 1, 0
மார்ட்டின் (4): 3, 0, 1, 3, 4
மெக்டூகல்ட் (6): 2, 0, 0, 0, 2
கேரி (5): 3, 1, 1, 1, 1
லார்சன் (1): 2, 0, 0, 0, 1
மொத்தம்: 26, 2, 5, 27, 8

டாட்ஜர்ஸ் வரிசை கில்லியம், ரீஸ், ஸ்னைடர், ராபின்சன், ஹாட்ஜஸ், அமோரோஸ், ஃபுரில்லோ, கேம்பனெல்லா. ஆளுக்கு 3 அட்பேட். ஒன்பதாம் இடத்தில் பிட்சர் மேக்லிக்கு 2, அவருக்குப் பதிலாகக் கடைசியில் வந்த டேல் மிட்செலுக்கு 1. மொத்தம் 27. ரன், ஹிட் பத்திகள் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம்.

கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் சாறு. ஹோம் ரன் மேன்டில். ரன் கொண்டுவந்தவர்கள் மேன்டில், பாவர். தியாக பன்ட் லார்சன். எர்ரர் இல்லை. இரட்டை அவுட் (ஒரே பந்தில் இரண்டு அவுட்): ரீஸ்–ஹாட்ஜஸ் ஒன்று, ஹாட்ஜஸ்–கேம்பனெல்லா–ராபின்சன்–கேம்பனெல்லா–ராபின்சன் மற்றொன்று. இன்னிங்ஸ் முடிந்தபோது பேஸில் தங்கியவர்கள் புரூக்ளின் 0, நியூயார்க் 3. மேக்லி 5 ஸ்டிரைக் அவுட், 2 வாக். லார்சன் 7 ஸ்டிரைக் அவுட், வாக் இல்லை.

எந்த பேட்டருக்கு வாக் கிடைத்தது, எந்த பேட்டர் ஸ்டிரைக் அவுட் ஆனார் என்று ஆள்வாரியாக இங்கே கிடையாது என்பதைக் கவனியுங்கள். பிட்சர் பெயரில் மொத்தமாக மட்டும் இருக்கிறது. இன்றைய பாக்ஸ் ஸ்கோர் பார்த்துப் பழகியவர்கள் அந்தப் பத்திகளைத் தேடிக் களைத்துப்போவார்கள். அவற்றை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

முதல் தராசு

ஒரு அணியின் பேட்டர் ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு கதியைத்தான் அடைய முடியும். ரன் எடுப்பார், பேஸில் தங்குவார், அவுட் ஆவார். ஆகவே:

அட்பேட் + வாக் + தியாக பன்ட் = ரன் + தங்கியவர் + எதிரணியின் புட்அவுட்.

(பொதுவாக இடப்பக்கத்தில் தியாக ஃபிளை, அதாவது பிடிபட்டாலும் ரன் கொண்டுவரும் உயர அடி, உடலில் பட்ட பந்து இரண்டையும் சேர்க்க வேண்டும். 1954 முதல்தான் தியாக ஃபிளை மீண்டும் அட்பேட்டிலிருந்து விலக்கப்பட்டது; 1953 ஆட்டம் ஒன்றை எடுத்தால் அதைத் தனியாகக் கூட்டக் கூடாது, அது அட்பேட்டுக்குள்ளேயே இருக்கும்.)

நியூயார்க்: 26 + 2 + 1 = 29. மறுபக்கம் 2 + 3 + 24 = 29. சரி. புரூக்ளின்: 27 = 0 + 0 + 27. சரி.

இங்கே அடிக்கடி விழும் ஓட்டை அந்த 24. சொந்த மைதான அணி முன்னிலையில் இருந்தால் ஒன்பதாம் இன்னிங்ஸின் பின்பாதி ஆடப்படாது. அதனால் மேக்லி வீசியது 8 இன்னிங்ஸ், புரூக்ளினின் புட்அவுட் 24. பழக்கத்தில் 27 என்று போட்டால் தராசு சரியாக 3 சாயும். 3 வித்தியாசம் வந்தால் வேறெங்கும் தேடாமல் முதலில் இதைப் பாருங்கள். ரன் வரியின் கடைசிக் கட்டத்தில் 0 போடாமல் எக்ஸ் குறி போடுவதும் இதற்காகத்தான்.

29 வரியை ஆட்களுக்குப் பங்கிடுவது

இந்த வேலையிலேயே ருசியான கட்டம் இது. பேட்டிங் வரிசை சுற்றிச் சுற்றி வருவது. யாரும் முறை தாண்ட முடியாது. 29ஐ 9ஆல் வகுத்தால் 3 சுற்று, மீதி 2. எனவே முதல் இரண்டு இடங்களுக்கு, பாவருக்கும் காலின்ஸுக்கும், 4 முறை. மற்ற ஏழு பேருக்கும் கட்டாயம் 3 முறை. கூடவும் முடியாது, குறையவும் முடியாது.

இப்போது அச்சிலுள்ள அட்பேட்டைப் பக்கத்தில் வையுங்கள். பாவர் 4, காலின்ஸ் 4, மேன்டில் 3, பெரா 3, மார்ட்டின் 3, கேரி 3. எல்லாம் முழுசு. ஸ்லாட்டர், மெக்டூகல்ட், லார்சன் மூவருக்கும் 2. ஆளுக்கு ஒரு முறை அட்பேட்டில் ஏறவில்லை. லார்சனுடையது தியாக பன்ட் என்று பொடி எழுத்தே சொல்கிறது. மிச்சம் இரண்டு பேர், மேக்லி கொடுத்த வாக் இரண்டு. ஆக வாக் வாங்கியவர்கள் ஸ்லாட்டரும் மெக்டூகல்டும். இன்னிங்ஸ் விவரத்தில் ஒரு வரிகூடப் படிக்காமலேயே இது கிடைத்துவிடுகிறது.

எல்லா ஆட்டத்திலும் இப்படி வாய்க்காது. ஒரே ஆளுக்கு இரண்டு இடைவெளி இருந்து, அணியில் வாக்கும் உடலில் பட்ட பந்தும் கலந்திருந்தால் பிரிக்க முடியாமல் நிற்க வேண்டியதுதான். ஆனால் முயன்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். பின்னால் இன்னிங்ஸ் விவரம் வேறு பெயரைச் சொன்னால் எது தப்பு என்று தீர்மானிக்க இது கையில் இருக்கும்.

புரூக்ளின் 27 வரி

இன்னிங்ஸுக்கு மூன்று வரி, வரிசை கலையவே கலையாது. சங்கிலிகள் இப்படி விழும்:

1: கில்லியம் கே, ரீஸ் கே, ஸ்னைடர் 9.
2: ராபின்சன் 5-6-3, ஹாட்ஜஸ் கே, அமோரோஸ் 4.
3: ஃபுரில்லோ 9, கேம்பனெல்லா கே, மேக்லி 8.
4: கில்லியம் 4-3, ரீஸ் 4-3, ஸ்னைடர் கே.
5: ராபின்சன் 9, ஹாட்ஜஸ் 8, அமோரோஸ் 4-3.
6: ஃபுரில்லோ 4, கேம்பனெல்லா 4, மேக்லி கே.
7: கில்லியம் 6-3, ரீஸ் 8, ஸ்னைடர் 7.
8: ராபின்சன் 1-3, ஹாட்ஜஸ் 5, அமோரோஸ் 8.
9: ஃபுரில்லோ 9, கேம்பனெல்லா 4-3, மிட்செல் கே.

இந்த 27 வரியில் ஒற்றை எண் என்றால் பந்து தரையில் படாமல் பிடிக்கப்பட்டது. சங்கிலியின் கடைசி எண்ணுக்குப் புட்அவுட், முன்னால் உள்ளவர்களுக்கு அசிஸ்ட். ‘கே’ வரிக்குப் புட்அவுட் கேட்சருக்குப் போகும். கிரிக்கெட் கண்ணுக்கு இது கொஞ்சம் உறுத்தும், போல்டுக்கு விக்கெட் கீப்பர் பேரில் கணக்கெழுதுவது மாதிரி. ஆனால் விதி அதுதான். பெராவின் 7 புட்அவுட் முழுக்க முழுக்க லார்சனின் 7 ஸ்டிரைக் அவுட். ஃபார்முலாவில் இதைச் சேர்க்க மறந்தால் அணி மொத்தம் 27க்குப் பதில் 20 என்று நிற்கும்.

இரண்டு வரிகளைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் இன்னிங்ஸில் ராபின்சன் அடித்த வேகமான அடி மூன்றாம் பேஸ் கேரியிடம் பாய்ந்து, அவர் கையில் பட்டுத் தெறித்து ஷார்ட்ஸ்டாப் மெக்டூகல்டிடம் போனது. மெக்டூகல்ட் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட். சுருக்கமாக எழுதுகிறவர்கள் ‘ஷார்ட்ஸ்டாப் எறிந்து அவுட்’ என்று முடித்துவிடுவார்கள், நாமும் 6-3 என்று தட்டிவிடுவோம். அப்போது அணியின் அசிஸ்ட் 7 என்று வரும், அச்சில் 8. ஆள்வாரியாகப் பார்த்தால் கேரிக்கு அச்சில் 1, நம்மிடம் 0. மற்ற எல்லாம் ஒத்துப்போகும். தெறித்ததற்கு அசிஸ்டா என்றால், ஆம். பந்தின் வேகத்தைக் குறைத்தோ திசையை மாற்றியோ அவுட்டுக்கு உதவிய ஃபீல்டருக்கு அசிஸ்ட் உண்டு. இந்த ஆட்டத்தில் கேரியின் ஒரே அசிஸ்ட் அப்படிக் கிடைத்தது. அந்த ஒற்றை 1ஐ அச்சில் பார்த்துத்தான் சங்கிலி 5-6-3 என்று திருந்துகிறது.

ஐந்தாம் இன்னிங்ஸில் ஹாட்ஜஸ் அடித்தது இடது-நடு வெளிக்கு நீளமாகப் போன பந்து. மேன்டில் ஓடிப்போய்ப் புறங்கைப் பக்கமாகப் பிடித்தார். விவரத்தில் ‘இடது’ என்ற சொல்லைப் பார்த்ததும் கை 7ஐத் தட்டும். விளைவு நயமானது. அணி மொத்தம் 27 சரியாகவே இருக்கும், தராசு எதுவும் அசையாது. ஆள்வாரியில் மட்டும் மேன்டிலுக்கு 4க்குப் பதில் 3, ஸ்லாட்டருக்கு 1க்குப் பதில் 2. ஒருவரிடம் ஒன்று கூடி இன்னொருவரிடம் ஒன்று குறைந்தால் அது இடம் மாறிய வரி. மொத்தமே குறைந்தால் அது விடுபட்ட வரி அல்லது விடுபட்ட கண்ணி. இந்த இரண்டு அடையாளத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் தேடும் நேரம் பாதியாகும்.

எந்தத் தராசுக்கும் அகப்படாத தப்பு ஒன்றும் உண்டு. நான்காம் இன்னிங்ஸில் கில்லியம், ரீஸ் இருவரும் 4-3. வேறொரு ஆட்டத்தில் ஒருவர் 4-3, அடுத்தவர் 6-3 என்று இருந்து நாம் மாற்றி எழுதினாலும் எல்லாக் கூட்டலும் அப்படியே பொருந்தும். கூட்டல் ஒத்துப்போனால் தாள் உண்மை என்று ஆகிவிடாது.

யாங்கீஸ் 29 வரி: ஆறாம் இன்னிங்ஸ்

முதல் மூன்று இன்னிங்ஸில் ஒன்பது பேரும் வந்த வழியே போனார்கள். நான்காவதில் இரண்டு அவுட்டுக்குப் பின் மேன்டில் வலது பக்கம் ஹோம் ரன். அதுவரை மேக்லியும் ஒருவரைக்கூட பேஸுக்கு விடவில்லை. அடுத்து பெரா அவுட். ஆக நான்காவதில் 4 வரி.

ஐந்தாவதில் ஸ்லாட்டருக்கு வாக். மார்ட்டின் அடியில் ஸ்லாட்டர் இரண்டாம் பேஸில் அவுட், மார்ட்டின் முதல் பேஸில் நிற்கிறார். மார்ட்டினுக்கு இது ஹிட் அல்ல, ஆனால் அட்பேட். பேஸில் நிற்பதைப் பார்த்து ஹிட் போட்டுவிட்டால் அணி ஹிட் 6 ஆகிவிடும். பிறகு மெக்டூகல்ட் நேராக அடித்த பந்தை ரீஸ் பிடித்து, பேஸை விட்டு வந்திருந்த மார்ட்டினை ஹாட்ஜஸுக்கு எறிந்து அவுட். மூன்று பேட்டர், மூன்று அவுட், தங்கியவர் 0.

ஆறாவதுதான் சோதனை. கேரி ஒற்றை. லார்சன் தியாக பன்ட், கேரி இரண்டாம் பேஸுக்கு. பாவர் ஒற்றை, கேரி ரன். காலின்ஸ் ஒற்றை, பாவர் மூன்றாம் பேஸில், காலின்ஸ் முதல் பேஸில். ஒரு அவுட். மேன்டில் தரையில் அடித்த பந்தை ஹாட்ஜஸ் எடுத்து, முதல் பேஸை மிதித்து மேன்டிலை முடித்துவிட்டு, வீட்டுப் பக்கம் (ரன் முடியும் ஹோம் தட்டு) கேம்பனெல்லாவுக்கு எறிந்தார். பாவர் மூன்றாம் பேஸுக்கும் வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். கேம்பனெல்லா ராபின்சனுக்கு, ராபின்சன் திரும்ப கேம்பனெல்லாவுக்கு, மறுபடி ராபின்சனுக்கு, அவுட்.

இதை ஒரே சங்கிலியாக 3-2-5-2-5 என்று எழுதினால் இரண்டு தவறு நேரும். ஒன்று, ஹாட்ஜஸ் மேன்டிலைத் தனியாக அவுட்டாக்கிய புட்அவுட் காணாமல் போகும், அணிக்கு 23தான் வரும். அதனால் அவுட் ஒன்றுக்கு ஒரு சங்கிலி என்று இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும்: மேன்டில் 3, பாவர் 3-2-5-2-5. இரண்டாவது, நடுவில் மாட்டிய ரன்னரை விரட்டும்போது எத்தனை தடவை எறிந்தாலும் ஒரு ஃபீல்டருக்கு ஒரு அசிஸ்ட்தான். கேம்பனெல்லா இரண்டு முறை எறிந்தார், அசிஸ்ட் 1. ராபின்சனுக்கு இடையில் எறிந்ததற்கு அசிஸ்ட் 1, முடித்ததற்குப் புட்அவுட் 1; இரண்டும் உண்டு. சங்கிலியில் எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் ஃபார்முலா இங்கே கேம்பனெல்லாவுக்கு ஒன்று கூட்டிக் கொடுக்கும். ‘இருக்கிறதா, இல்லையா’ என்று கேட்கும் ஃபார்முலாதான் வேண்டும். அதுவும் கடைசி எண்ணை வெட்டிவிட்டு மீதியில் கேட்க வேண்டும்.

‘தரையில் அடித்து இரட்டை அவுட்’ என்று பேட்டர் மேல் சுமத்தும் பத்தியைத் தானாக நிரப்ப விடாதீர்கள். மெக்டூகல்டினுடையது தரையில் படாத பந்து, அதில் சேராது. இரட்டை அவுட் ஆடிய பெருமை ஃபீல்டர்களின் கணக்கு. பேட்டரின் பழி வேறு கணக்கு, அதற்குத் தனி நிபந்தனை உண்டு.

ஆறாவதில் தங்கியவர் காலின்ஸ், 1. ஏழாவதில் பெரா, ஸ்லாட்டர் அவுட் ஆனபின் மார்ட்டின் ஒற்றை, மெக்டூகல்ட் வாக், கேரி அவுட், தங்கியவர் 2. எட்டாவதில் லார்சன், பாவர், காலின்ஸ் மூவரும் கே. மேக்லியின் ஐந்தில் மூன்று இங்கே. வரிகளைக் கூட்டுங்கள்: 3, 3, 3, 4, 3, 5, 5, 3. மொத்தம் 29. புரூக்ளின் 27ஐச் சேர்த்தால் 56. அவுட் பத்தியின் மொத்தம் 51.

இன்னிங்ஸை எண்ணும் பொறி

பிட்சர் வீசிய இன்னிங்ஸை 1.2 என்று எழுதும் வழக்கம் உண்டு. அது ஒன்று புள்ளி இரண்டு அல்ல, 1⅔. இதே தொடரில் அக்டோபர் 5 அன்று 2ஆவது ஆட்டத்தில் லார்சன் 1⅔ இன்னிங்ஸில் 4 வாக் கொடுத்து வெளியேறினார். அவர் பேரில் 4 ரன், ஆனால் எர்ரர் காரணமாக எதுவும் ‘ஈட்டிய ரன்’ (எர்ரர் உதவியின்றி வந்த ரன்) அல்ல. இரண்டு ஆட்டத்தையும் கூட்ட 9 + 1.2 என்று தட்டினால் 10.2 வரும், தற்செயலாகச் சரி. அதை நம்பிச் சராசரிக்கு வகுத்தால் 10.2ஆல்தான் வகுபடும், 10.67ஆல் அல்ல. இன்னும் ஒரு ⅔ சேர்ந்தால் 10.4 என்று உலகத்தில் இல்லாத எண் வரும். அவுட்டாகவே சேமியுங்கள்: 27 + 5 = 32. காட்டும்போது மட்டும் 3ஆல் வகுத்துக்கொள்ளலாம். ரன், ஈட்டிய ரன் இரண்டும் தனிப் பத்தியாக இருக்க வேண்டும் என்பதற்கும் அந்த ஆட்டமே சாட்சி. 5ஆவது ஆட்டத்தில் மேக்லிக்கு ரன் 2, ஈட்டியது 2; எர்ரர் இல்லாததால் யோசிக்க வேலையே இல்லை.

பந்து எண்ணிக்கை

லார்சன் வீசியது 97 பந்து. இது பாக்ஸ் ஸ்கோரில் இல்லை. அந்தக் காலத்தில் பந்து பந்தாக எழுதிவைப்பது அரிது. டாட்ஜர்ஸ் அணி மட்டும் 1947 முதல் ஆலன் ராத் என்ற முழுநேரப் புள்ளியியலாளரை வைத்திருந்தது. டாட்ஜர்ஸ் ஆட்டங்களுக்கு அந்தக் காலத்துப் பந்து விவரம் இன்று கிடைக்கிறதென்றால் பெரும்பாலும் அவர் தாள்களால்தான். 1989இல் டேவிட் ஸ்மித் தொடங்கிய ரெட்ரோஷீட் அமைப்பு இத்தகைய தாள்களைத் திரட்டி, பேட்டருக்கு ஒரு வரி என்ற இதே பாணியில் கோப்பாக்கி வைத்திருக்கிறது.

பந்துப் பத்தியின் கூட்டல் 97க்குக் கீழே நின்றால் முதல் சந்தேகம் ஃபவுல்கள்மேல் (கோட்டுக்கு வெளியே போன அடிகள்). இரண்டு ஸ்டிரைக்குக்குப் பின் அடிக்கும் ஃபவுல் எண்ணிக்கையை மாற்றாது. 1-2 (ஒரு பால், இரண்டு ஸ்டிரைக்) என்பது 1-2 ஆகவே நிற்கும். கடைசி நிலையை வைத்துப் பந்தைக் கணக்கிட்டால் அவையெல்லாம் விழுந்துவிடும். நிலை வேறு, பந்து வேறு என்று இரண்டு பத்தி வையுங்கள்.

ஸ்டிரைக் அவுட் அடித்துத் தவறியதா, அடிக்காமல் நின்றதா என்பதும் பாக்ஸ் ஸ்கோரில் தெரியாது. தாளில் நின்றதற்குத் தலைகீழ் கே போடுவது வழக்கம். ஏழில் ஒன்றே ஒன்று மட்டும் அச்சிலேயே தெளிவு: மாற்று ஆட்டக்காரருக்குப் போடும் அடிக்குறிப்பில் ‘மேக்லிக்குப் பதில் ஒன்பதாவதில் ஸ்டிரைக் அழைக்கப்பட்டு அவுட்’ என்று மிட்செல் பெயருக்கு எதிரே இருக்கும். அந்தக் கடைசிப் பந்து வெளியே போனதா என்று இன்றும் வாதாடுகிறார்கள். 3,984 அட்பேட்டில் 119 முறை மட்டுமே ஸ்டிரைக் அவுட் ஆனவர் மிட்செல், வாதம் ஓயாததில் வியப்பில்லை. தாளுக்கு அது தேவையில்லை. நடுவர் பேப் பினெல்லி கையை உயர்த்தினார், தலைகீழ் கே.

மீதி ஆறுக்கும் படச்சுருள்தான் துணை. தொலைக்காட்சி ஒளிபரப்பைத் திரையிலிருந்து படமெடுத்த பிரதி ஒன்று பிழைத்திருக்கிறது. பேஸ்பால் தொலைக்காட்சியான எம்எல்பி நெட்வொர்க் 2009 ஜனவரி 1 அன்று தன் முதல் நாளில் அதை ஒளிபரப்பியது. அதை ஓட்டி நிறுத்தி வரி வரியாகப் பார்த்து, ஆதாரப் பத்தியில் ‘படம்’ என்று போட்டுக்கொண்டே போகலாம். ராபின்சன் பந்து கேரியிடம் தெறித்ததும் ஹாட்ஜஸ் பந்தை மேன்டில் பிடித்ததும் இப்படித்தான் உறுதியாகும்.

அந்தப் பிரதியில் முதல் இன்னிங்ஸ் இல்லை. லார்சன் அன்று ஒரே ஒரு பேட்டரிடம் மட்டும் மூன்று பால் வரை போனார், ரீஸிடம். அது முதல் இன்னிங்ஸில். புரூக்ளின் வரி 1 முதல் 3 வரை ஆதாரப் பத்தியில் ‘அச்சு’ என்று மட்டும் போட்டு, வேறு நிறத்தில் விட்டுவைக்கவும்.